மூன்றாவது வளையம்

பள்ளம் அடைக்கப் பூசும் பட்டி காய்ந்தால் உள்வாங்கும் என்பது பெயிண்டருக்குத் தெரியாததல்ல. இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லித்தான் வண்டிக்காரர்களைக் காக்க வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பழைய ராணுவ லாரியில் மட்டும் அவசரப்பட்டுப் பட்டியை ஒரே பூச்சாக அப்பிவிட்டார். மறுநாள், புதுப் பச்சையின் மேல் அடியில் கீறியிருந்த கத்தரிக்கோல் படம் மறுபடி வந்து நின்றது.

லாரியை ஏலத்தில் எடுத்தவர் ஓட்டல் முதலாளி. வாசலில் நிறுத்தப்போகிறார். "பின்னாடி ரோஜாத் தொட்டி வெச்சிடுவோம். ஜனங்க ஏறி நின்னு போட்டோ எடுக்கட்டும். பாத்தா பயம் மட்டும் வரக்கூடாது" என்று சொல்லியிருந்தார். பயம் போவதற்காகத்தான் பெயிண்டர் முதலில் பின்பெட்டியின் உட்புறத்தைச் சுரண்டியிருந்தார். நான்கு அடுக்குப் பச்சை. அதற்கும் அடியில், தகரத்தில், ஆணியால் கீறிய கத்தரிக்கோல். கைப்பிடியில் மூன்று வளையம்.

கத்தரிக்கோலுக்கு மூன்று வளையம் போடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்: மனைவியின் அண்ணன், தையல்காரர். வீட்டுத் தையல் மெஷின் பலகையில்கூட இதே படம் இருக்கிறது. மூன்றாவது எதற்கு என்று கேட்டால், "ஸ்பேர்" என்பாராம்.

பொத்தான் வாங்கப் போனவர் முப்பது வருஷமாகத் திரும்பவில்லை. ராணுவத்தார் அவரைப் பச்சை லாரியில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரோடு மனைவி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளைப் பொறுத்தவரை அண்ணன் கப்பலேறிப் போய் எங்கேயோ சொகுசாக இருக்கிறார். மாலை டீயோடு அவருக்குத் தினமும் திட்டு விழும். "ஒரு போன் பண்ணா வெரல் தேஞ்சிடுமா அந்தத் தடியனுக்கு? வரட்டும், வாசல்லயே நிக்க வெக்கிறேன்." செத்தவரை யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். அதனால் அந்த வீட்டில் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்.

பெயிண்டர் மறுபடி தேய்த்தார், பட்டி வைத்தார், அடித்தார். மறுபடி வந்தது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் கடைசிப் பூச்சு அடித்தபோது, ஈரத்திலேயே பள்ளம் தெரிந்தது. அன்றைக்கென்று பார்த்துச் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

"உள்ளயா இருக்கீங்க?"

மனைவியின் குரல். பெயிண்டர் சட்டென்று முதுகைத் தகரத்தில் சாய்த்துக்கொண்டார்.

"ஏங்க, ஈர பெயிண்டுல சாயறீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"இடுப்பு வலி."

அவள் டப்பாவைக் கீழே வைக்காமல், லாரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "இவ்ளோ பெருசா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள். பிறகு, "எறங்குங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க. காயறதுக்குள்ள மண்ணெண்ணெயில போட்டாத்தான் போகும்."

பெட்டிக்கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் கழற்றினார். முதுகில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அவருடைய முதுகை அவர் எப்போது பார்த்திருக்கிறார்?

அவள் சட்டையைத் திருப்பினாள். பச்சையின் நடுவே, பெயிண்ட் படாத வெள்ளைக் கோடுகள். மூன்று வளையம்.

ஈரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தோள்பட்டை இரண்டையும் நுனிவிரலால் பிடித்துக்கொண்டு, சட்டைக்குள் யாரோ இருப்பதுபோல, மெதுவாக நடந்து போனாள்.

மாலையில் டீ வந்தது. திட்டு வரவில்லை. பெயிண்டர் டீ ஆறும்வரை காத்திருந்தார். அப்போதும் வரவில்லை. மண்ணெண்ணெய் டின் மூடியபடியே இருந்தது. தையல் மெஷின்மேல் சட்டை முதுகு தெரிய விரிந்து கிடக்க, அவள் எதிரே உட்கார்ந்து மூன்றாவது வளையத்துக்குள் விரலை வைத்திருந்தாள். அங்கே மட்டும் பச்சை இன்னும் காயவில்லை.