பவுனு செத்திருக்க மாட்டாள்

பொய். பவுனு செத்திருக்க மாட்டாள். மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வந்திருக்கும். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். வரிசையில் குறுக்கே நுழைந்தவளைத் திட்டியிருப்பாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் ஞாபகம் வந்து, திட்டு பாதியில் அழுகையாகியிருக்கும். அதற்குள் குடம் நிரம்பியிருக்கும். இதெல்லாம் இந்த எழுத்தாளருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

செவ்வாய்க்கிழமை காலை, திருவான்மியூர் போகும் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ரத்னா இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாவலைப் படித்து முடித்து ஒரு மாதமாகிவிட்டது. நூலகத்தில் திருப்பிக் கொடுத்தும் ஆயிற்று. ஆனால் பவுனு விடுவதாயில்லை.

கதை ஆற்றங்கரைக் குடிசைகளில் நடக்கிறது. குடிசைகளை இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். போன இடத்தில் பவுனுவின் மகள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். மகள் செத்த நான்காம் நாள், அவளுடைய பள்ளிச் சீருடையை எடுத்து சோப்புப் போட்டுத் துவைத்து, உதறி, கொடியில் காயப்போடுகிறாள் பவுனு. காய்ந்ததும் மடித்து வைக்கிறாள். மறுநாள் அதையே மறுபடி துவைக்கிறாள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது ரத்னா வேலை முடிந்து தி.நகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். பேருந்து ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றிருந்தது. கீழே, அவள் பிறந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற கரையில் இப்போது வேலி போட்டுச் செடி வைத்திருந்தார்கள். அவள் புத்தகத்தை மூடினாள். மகள் கயல் போய் ஒன்பது வருடம். குடிசையை இடித்துப் புது வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் வருடம், ஏழு வயதில், காய்ச்சல். அவளுடைய சீருடையை ரத்னா பதினோரு நாள் துவைத்தாள். கணவன் டில்லிபாபு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு துவைப்பாள். அவன் வருவதற்குள் மடித்து வைத்துவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. யாரோ ஒருத்தி, எங்கேயோ மேஜை முன்னால் உட்கார்ந்து, அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள்.

மூன்று நாள் அழுதாள். பேருந்தில் அழுதாள். கடையில் அழுதாள்.

“யக்கா, பட்டு மேல கண்ணீர் வுழுந்தா கறையாயிரும்” என்றாள் பக்கத்துக் கவுன்டரில் நிற்கும் முத்துலட்சுமி. முதலாளியின் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். “கல்யாணத்துக்கு எடுக்க வந்துருக்காவ. இங்கன நின்னு மூக்கச் சிந்துதிய. யாரு செத்தா?”

“பவுனு பொண்ணு.”

“எந்தப் பவுனு? உங்க பிளாக்கா?”

“கதையில.”

“அட போங்கக்கா! நெசமாவே யாரோ போயிட்டாவன்னுல்லா நெனச்சேன். நான் மொதலாளிட்ட லீவு வேற கேட்டிருப்பேன் உங்களுக்கு.”

ரத்னாவுக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்துக்கொண்டே சேலையை மடித்தாள்.

வீட்டில் டில்லிபாபு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தான். “இன்னா, புக்கு படிச்சிக்கினு அயுவுற? நம்ம கதையாட்டம் கீதா?”

“பாதி.”

“மீதி?”

“இன்னும் வரல.”

மீதி மூன்றாம் நாள் வந்தது. கடைசி அத்தியாயத்தில் பவுனு பேருந்து ஏறிப் பழைய கரைக்குப் போகிறாள். மடித்த சீருடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறாள். அழகாக எழுதியிருந்தது. தண்ணீர் அவளைப் பிள்ளை போல ஏந்திக்கொண்டதாம். ரத்னாவுக்கு அழுகை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் சூடேறியது. என்னைக் கண்டுபிடித்தவளே என்னைக் கொன்றுவிட்டாளே என்று நினைத்தாள். நாலு பக்கத்தில், அழகாக.

சீதா மேடத்தின் நூலகம் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தன் வீட்டு முன்கூடத்தையே நூலகமாக்கிவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு புத்தகங்கள். ஒவ்வொன்றின் கடைசி அட்டையிலும் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் தலைப்பில் மேடத்தின் உருண்டைக் கையெழுத்து: ‘படித்ததும் தோன்றியதை எழுதுங்கள். பிறர் எழுதியதை அடிக்கவோ மறைக்கவோ கூடாது.’

வீட்டுக்குப் போகப் பேருந்து மாற இறங்கும் இடம் என்பதால்தான் நான்கு வருடம் முன்பு ரத்னா உள்ளே எட்டிப் பார்த்தாள். புத்தகத்தைவிட அந்தத் தாள்தான் அவளைப் பிடித்து வைத்தது. முதன்முதலாக ஒரு புத்தகத்தில் இரண்டு வரி எழுதினாள். அடுத்த மாதம் பார்த்தால் அதன் கீழே யாரோ, ‘ரத்னா சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு இன்னொரு முறை படித்தேன்’ என்று எழுதியிருந்தார்கள். கடையில் அவளைக் கூப்பிட ஆயிரம் பேர் இருந்தார்கள். அவள் சொன்னதற்காக ஒரு புத்தகத்தை இன்னொரு முறை படித்தவர் யாருமில்லை. அந்த வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

இந்த நாவலின் தாளிலும் எழுதினாள். நின்றுகொண்டே, ஒரே மூச்சில்: ‘மூன்று நாள் அழுதேன். அதற்கு நன்றி. ஆனால் கடைசி அத்தியாயத்தை மன்னிக்க மாட்டேன். பவுனு செத்திருக்க மாட்டாள். மறுநாள் தண்ணீர் லாரி வந்திருக்கும்.’

நேற்று சாயங்காலம் மேடம் போன் செய்தார். “ரத்னா, நாளைக்கு உனக்கு லீவுதானே? காத்தால பத்து மணிக்கு வந்துடு. சந்தோஷ சமாச்சாரம்.”

கூடத்துக்குள் நுழைந்தபோது மேடத்துக்கு எதிரே இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, கழுத்து வரை வெட்டிய முடி. ரத்னாவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இவாதான் சாருலதா” என்றார் மேடம். “நாவல் எழுதினவா. உன்னைப் பார்க்கணும்னுட்டு அடையாறுலேர்ந்து வந்திருக்கா.”

பவுனுவைச் சீருடை துவைக்க வைத்தது இந்தக் கைகளா என்று ரத்னா குனிந்து பார்த்தாள். சாதாரணக் கைகள். விரலில் மை கூட இல்லை.

“உங்க வரியைப் படிச்சிட்டு நான் தூங்கவே இல்ல ரத்னா” என்றார் சாருலதா. “எத்தனையோ விமர்சனம் வந்துச்சு. யாருக்காக எழுதினேனோ அவங்ககிட்டேர்ந்து வந்தது இதுதான்.”

மேடம் மேஜை மேல் ஒரு பெரிய தாளை விரித்தார். நாவலின் இரண்டாம் பதிப்புக்கான பின்னட்டை. நடுவில் தடித்த எழுத்தில், ‘மூன்று நாள் அழுதேன்.’ கீழே சின்னதாக, ‘ரத்னா, ஜவுளிக் கடை ஊழியர், ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்.’

முதலில் அவள் கண்ணில் பட்டது அவளுடைய பெயர்தான். அச்சில். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இப்போதுதான். முத்துலட்சுமியிடம் காட்டினால் கடை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள் என்று நினைத்தாள். நெஞ்சு லேசாகத் தூக்கிக்கொண்டது. அப்புறம்தான் மற்றதைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

“மீதி எங்க மேடம்?”

“எடம் பத்தலையாம்மா. பின்னட்டைன்னா நச்சுனு ஒரு வரிதான் நிக்கும்னு பதிப்பாளர் சொல்றார்.”

“நான் எழுதுன புக்கக் கொஞ்சம் குடுங்க.”

மேடம் தயங்கி, இழுப்பறையிலிருந்து நாவலை எடுத்துக் கொடுத்தார். ரத்னா கடைசி அட்டையைத் திருப்பினாள். அவளுடைய முதல் வரி இருந்தது. அதன் கீழே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள், மீதி வரிகளை மூடிக்கொண்டு, ஓரம் சுருண்டு நின்றது.

“போட்டோ எடுக்கறதுக்காக ஒட்டினேன்” என்றார் மேடம் அவசரமாக. “எடுத்துடலாம்னுதான். மறந்துபோச்சு. அடிக்கலையே நான்.”

ரத்னா தாளின் தலைப்பைப் பார்த்தாள். மேடமும் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க அழுதது உண்மைதானே?” என்று சாருலதா கேட்டார். குரலில் கோபமில்லை. காயம் இருந்தது.

“உண்மைதான். எங்க அழுதேன்னு கேக்கலியே நீங்க. துணியக் காயப்போட்டாளே, அங்க அழுதேன். அது எப்டி உங்களுக்குத் தெரியும்னு இன்னும் எனக்குப் புரியல. அதுக்கு உங்க கால்ல கூட வுழுவேன்.” ரத்னா மூச்சு வாங்கினாள். “ஆனா அவ ஆத்துல எறங்குன எடத்துல நான் அழல. கோவம் வந்துச்சு.”

“அப்படி நடக்கலன்னு சொல்றீங்களா? அந்தக் குடியிருப்புகள்ல எத்தனை பொம்பளைங்க இப்படிச் செத்துப்போயிருக்காங்க தெரியுமா? நான் கற்பனை பண்ணல ரத்னா. போய்ப் பார்த்துத்தான் எழுதினேன்.”

“தெரியும். எங்க பிளாக்லயே ஒருத்தி போய்ச் சேந்துட்டா. நாங்க நாலு பேருதான் அவ ஒடம்பக் கீய எறக்குனோம், லிப்ட் வேல செய்யல. எறக்கி அனுப்பிட்டு வந்து, அவ புள்ளைங்களுக்கும் சேத்து சோறாக்குனோம். அந்த நாலு பேரு உங்க புக்குல எங்கியும் இல்ல.”

சாருலதா பின்னட்டைத் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஒரு வரியை மறுபடி படித்தார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

“பேரைப் போடாம விட்டுடலாமா?” என்றார் மேடம் ஒருவழியாக. “வெறுமனே ஒரு வாசகர்னு.”

“அயுதவ நான்தானே மேடம். பேரு இருக்கட்டும். மீதியும் இருக்கட்டும்.”

“அது நாவலுக்கு எதிரால்ல இருக்கு? எந்தப் பதிப்பாளர் அதை அட்டையில போடுவார்?” மேடம் குரலைத் தாழ்த்தினார். “பாரு ரத்னா, பதிப்பகத்துக்காரா வெளியீட்டு விழாவை இங்கேயே வெச்சுக்கறதா ஒத்துண்டிருக்கா. நூலகத்துக்கு இருநூறு புஸ்தகம் தரேன்னிருக்கா. நீயும்தானே புதுசா ஒண்ணும் வரலைன்னு கேட்டுண்டே இருப்பே? திங்கக்கிழமை அச்சுக்குப் போறது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

ஒரு சம்மதக் கடிதமும் பேனாவும் அவள் முன்னால் நகர்ந்து வந்தன. இருநூறு புத்தகம். ரத்னா அலமாரிகளைப் பார்த்தாள். அவள் படிக்காதது மேல் தட்டில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அவளுக்கு இந்த இருவர் மேலும் வெறுப்பு வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவர் அவளைப் படிக்க வைத்தவர். இன்னொருவர், அவள் யாருக்கும் காட்டாத ஒரு பகல் பொழுதைப் பார்த்தவர். இரண்டு பேருக்கும் அவள் அழுதது வேண்டும். அழுது முடித்து எழுந்தவள் வேண்டாம்.

அவள் எழுந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் சீருடையைத் துவைக்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டு, கடைக்கு வேலை கேட்டுப் போனாள். அன்றைக்குக் காலையில் தண்ணீர் லாரி நிஜமாகவே வந்தது. ஒரு அம்மாவோடு குடத்தால் இடித்துக்கொண்டு சண்டை போட்டாள். அந்த அம்மாதான் பிறகு அந்த நாலு பேரில் ஒருத்தி.

ரத்னா மஞ்சள் தாளின் சுருண்ட ஓரத்தை நகத்தால் பிடித்து, கீழே இருப்பது கிழியாமல் மெல்ல உரித்தாள். எழுத்து அப்படியே இருந்தது. புத்தகத்தை மூடாமல், தாள் தெரிகிறபடி மேஜை நடுவில் வைத்தாள்.

“கையெழுத்து...” என்றார் மேடம்.

ரத்னா பேனாவை எடுத்தாள். திறந்திருந்த அதன் மூடியைப் போட்டு, மேடத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“வேணாம் மேடம்” என்றாள்.