சோகத்தில் ஒரு பங்கு

ஏரிக்கரை வீட்டில் அப்பா சாகக் கிடக்கிறார். பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பிறகு அவர் செத்துப்போகிறார். எங்கள் பின்லாந்தில் இதைக் குடும்பப் படம் என்போம். அப்படியொரு படத்தில் நான் ஒப்பனைக்காரி. எல்லார் முகத்திலும் இருக்கிற கொஞ்சநஞ்சக் களையையும் துடைத்தெடுப்பதுதான் என் வேலை.

இஃப்ராவின் முகத்தை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருந்தார் இயக்குநர் ஆவ்லிஸ். படத்தில் அவள் நர்ஸ். சோமாலியாவிலிருந்து வந்த தாய்க்குத் துர்க்கு நகரில் பிறந்தவள். நாடகப் பள்ளியில் பேர் வாங்கியவள். ஆனாலும் சினிமா என்றால் அவளிடம் நர்ஸ் உடையைத்தான் நீட்டுவார்கள். மருந்து கொடுத்து, புன்னகைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும்.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள். "ஆவ்லிஸ், இந்த வீட்ல எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. நான் மட்டும் ஏன் சிரிக்கணும்?"

"நீதான் இந்தப் படத்தோட வெளிச்சம்."

"வெளிச்சமா இருந்து அலுத்துப் போச்சு. எங்க வீட்லயும்தான் சண்டை வந்தா மாசக்கணக்கா பேச மாட்டோம். அதையெல்லாம் எந்தப் படத்துல காட்டுறது?"

ஆவ்லிஸ் சிரித்து மழுப்பினார். நல்ல மனிதர்தான். பலதரப்பட்டவர்களும் தன் படத்தில் இருக்கிறார்கள் என்று பேட்டியில் வேறு சொல்லியிருந்தார். பலதரப்பு என்று அவர் சொன்னது இவள் ஒருத்தியைத்தான்.

அந்த வாரமே இளைய மகளாக நடித்தவள், ஸ்டாக்ஹோமில் பெரிய தொடர் கிடைத்ததென்று கிளம்பிவிட்டாள். வேறு ஆள் கிடைக்கும்வரை விளக்கு அமைத்துப் பார்க்க அவளுடைய நாற்காலியில் இஃப்ராவை உட்காரவைத்தார்கள். எதிரே அப்பாவாக நடிக்கும் கிழவர் தௌனோ. சும்மா உட்கார்ந்தால் போதும். இவளோ ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோலுரித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே அதை அவர் தட்டில் வைத்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். தௌனோ அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டார். விளக்குக்காரர்கள் கையில் பிடித்ததைப் பிடித்தபடி நின்றார்கள்.

ஆவ்லிஸ் சொன்னார். "இவளே மகளா இருக்கட்டும். ஆனா தத்தெடுத்த கதையை ஒரு வசனத்துல சொல்லிடணும். இல்லன்னா ஜனங்க குழம்பிடுவாங்க."

தௌனோ கிழங்கை மென்றபடியே சொன்னார். "இந்த வீட்ல நாப்பது வருஷமா யாரும் யாருக்கும் எதையும் விளக்கினதில்ல. இவளுக்கு மட்டும் என்ன விளக்கம்?"

வசனம் வேண்டாமென்று முடிவானது. நர்ஸ் உடை, எங்கள் படக்குழுவுக்கு வண்டி ஓட்டும் கெய்யோவுக்குப் போனது. புன்னகைக்க அவன் எவ்வளவோ முயன்றான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. அதையும் அப்படியே படத்தில் வைத்தோம். இஃப்ராவின் முகக்களையை நானே ஆசையோடு துடைத்தெடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, பிணம் மாதிரி" என்று சந்தோஷப்பட்டாள்.

துர்க்குவில் படம் வெளியான அன்று, முடிந்ததும் நாங்கள் மேடையேற, பார்வையாளர்களில் ஒரு பெண்மணி எழுந்தார். "அந்த இளைய மகள் எப்படி அந்தக் குடும்பத்துக்கு வந்தா? எனக்குப் புரியலையே."

"எனக்கும் தெரியாதுங்க. அப்பாகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்றாள் இஃப்ரா. பக்கத்தில் தௌனோ ஒரு வார்த்தை பேசாமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கம் சிரித்து ஓய நேரமானது.

வெளியே காபிக் கடையில் இஃப்ராவின் அம்மா சாஹ்ரா காத்திருந்தார். அழுது கண் சிவந்திருந்தது. நாங்கள் வந்து உட்கார்ந்ததும் நேராகத் தௌனோவிடம் போனார்.

"அவ்வளவு தூரத்துலருந்து பொண்ணு வந்திருக்கா. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அது நடிப்பு என்று சொல்ல ஆவ்லிஸ் வாயெடுத்தார். தௌனோ அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து நின்றார். "தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க."

கிழவர் இஃப்ராவின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். கடைசியில் அவளுடைய கோட்டை எடுத்து, அவள் போட்டுக்கொள்ள வசதியாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.