வளையம் கிடைக்காத பன்னிரண்டு பேர்

எந்த ஊர் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று கமிஷன் சொல்லப்போவதை எதிர்பார்த்துத் தமிழ்-மலையாள எல்லையிலிருந்த பனச்சமூடே பதற்றத்தில் இருந்த ஐம்பத்தைந்தாம் வருடத்தில், சுகிர்தபாய் ஒரு கட்டு பிரம்பு வளையங்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மதராஸில் உடற்கல்வி படிப்பவள். தாளத்துக்கு ஏற்ப வளையத்தையும் ரிப்பனையும் வீசி ஆடும் உடற்பயிற்சியைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் உடம்பின் சமநிலை எவ்வளவு கூடும் என்று அவள் ஆராய்ந்து எழுத வேண்டும். அதற்காகப் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பை ஆறு வாரம் கேட்டு வாங்கியிருந்தாள்.

இருபத்துநாலு பிள்ளைகள். முதல் நாள் எல்லாரையும் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பத்து நொடி தாண்டியவர்கள் மூன்றே பேர். பிறகு பேராசிரியர் சொல்லியனுப்பியபடி சீட்டுக் குலுக்கினாள். பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி. மீதிப் பன்னிரண்டு பேர் பலாமரத்தடியில் வழக்கம்போல வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் விலாசினி வந்து நின்றாள். அவள் மகள் ஓமனா பலாமரத்தடியில் இருந்தாள்.

"டீச்சரே, எனக்க பிள்ளைக்கு என்ன கொறையாக்கும்? அவளுக்கும் ரெண்டு காலு உண்டுல்லா?"

"குறை ஒண்ணும் இல்லக்கா. சீட்டு அப்படி விழுந்துது. பயிற்சி இல்லாத பிள்ளைகளும் வேணும். அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"அப்போ எனக்க பிள்ள ஒண்ணும் படிக்காம இருக்கியதத்தான் நீங்க படிக்கியளா?"

சுகிர்தபாய் யோசித்துப் பார்த்தாள். விலாசினி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"ஆமாக்கா" என்றாள்.

விலாசினி நேராக டீக்கடைப் பக்கம் போனாள். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. டீச்சர் கமிஷனுடைய ஆள், பிள்ளைகளை இப்போதே இரண்டாகப் பிரிக்கிறாள். வளையம் கிடைத்த பிள்ளைகள் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்பதில் மட்டும் முடிவு வரவில்லை. ஒவ்வொரு கட்சியும் நல்லது எதிர்க்கட்சிக்குத்தான் போயிருக்கும் என்று நம்பிக் கோபப்பட்டது.

அடுத்த நாள் கான்ஸ்டபிள் விஜயதாஸ் விசாரிக்க வந்தார்.

"எந்தா டீச்சரே, பிள்ளியள வச்சு ரகசியப் பயிற்சி நடக்குண்ணு கேட்டேன்?"

"ரகசியம் ஒண்ணும் இல்ல சார். ஒத்தக் கால்ல எவ்வளவு நேரம் நிக்கிறாங்கண்ணு பாக்கேன்."

"இதுக்கா மதராஸ் வரைக்கும் போணும்? ஆரு வேணுமெங்கிலும் நிக்கலாமே."

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் ஒரு பூட்ஸைத் தூக்கினார். சுகிர்தபாய் கடிகாரத்தை அழுத்தினாள். மூன்றாவது நொடியில் அவர் பக்கத்திலிருந்த ரிப்பனைப் பிடித்தார். நாலாவது நொடியில் ரிப்பனோடு கீழே கிடந்தார். பலாமரத்தடியில் வாய்ப்பாடு நின்றுபோனது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் எழுதிய அறிக்கை இவ்வளவுதான்: 'பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஆட்சேபம் இல்லை. சுலபமும் இல்லை.'

அதற்குப் பிறகு பயிற்சி ஒழுங்காக நடந்தது. வளையம் உருண்டது, ரிப்பன் சுழன்றது, சுகிர்தபாய் தகரத்தில் தாளம் தட்டினாள். ஆனால் ஊரில் சாமான்கள் காணாமல் போயின. விலாசினி வீட்டுக் கோழிக்கூடையின் விளிம்புப் பிரம்பு போய், கோழிகள் தெருவெல்லாம் திரிந்தன. கொடியில் காயப்போட்ட வேட்டிகள் கரையில்லாமல் வீடு திரும்பின. கட்சிக் கொடி கட்டுவதற்குக் கிழித்திருப்பார்கள் என்று ஊரே எல்லைக் கிளர்ச்சிக்காரர்களைத் திட்டியது.

ஆறு வாரம் முடிந்தது. பயிற்சி பெற்ற பன்னிரண்டு பேரும் சராசரி இருபது நொடி நின்றார்கள். சுகிர்தபாய்க்கு ரொம்ப சந்தோஷம். பிறகு பலாமரத்தடிக்காரர்களைக் கூப்பிட்டாள். முதலில் ஓமனா ஒரு காலைத் தூக்கினாள். இருபது நொடி ஆயிற்று. நாற்பது ஆயிற்று.

"டீச்சரே, மூக்கு சொறியலாமா?"

சொறிந்துவிட்டு மேலும் அரை நிமிஷம் நின்றாள். மற்ற பதினொரு பேரும் அவளுக்குச் சளைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த விலாசினி, "எனக்க மக்கா!" என்று கூவிக்கொண்டு ஓடி மகளைத் தூக்கிக்கொண்டாள்.

சுகிர்தபாய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். "ஓமனா, உங்களுக்கு யாரு சொல்லித் தந்தது?"

"ஆரும் தரல்ல டீச்சரே. நீங்க அவியளுக்குச் சொல்லிக் குடுக்கியத பாத்தோம். பின்ன தோப்புக்குப் போயி செய்தோம், இருட்டுந்நது வரைக்கும்."

"எதை வச்சு?"

ஓமனா அம்மாவைப் பார்த்தாள். விலாசினிக்கு மெல்ல மெல்லக் கோழிக்கூடை புரிந்தது. மகளைக் கீழே இறக்கினாள்.

அன்று சுகிர்தபாய் கொஞ்சம் அழுதாள். எண்களை மாற்றி எழுதலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மாற்றவில்லை. நடந்தது நடந்தபடியே எழுதி அனுப்பினாள். பத்து நாளில் பேராசிரியரின் பதில் வந்தது. ஆராய்ச்சி கெட்டுவிட்டது என்று ஒரு வரி. 'கற்றுக்கொடுக்காத பிள்ளைகள் எப்படிக் கற்றார்கள்? இன்னும் ஒரு மாதம் இருந்து அதைப் பார்த்து எழுது' என்று இன்னொரு வரி.

நோட்டும் பென்சிலுமாக அவள் தோப்புக்குப் போனாள். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"செய்யுங்க மக்கா. நான் சும்மா பாத்துட்டு இருக்கேன்."

பன்னிரண்டு பேரும் காலைத் தூக்கினார்கள். வரிசையாகச் சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"நீங்க பாத்தா வரமாட்டேங்குது டீச்சரே" என்றாள் ஓமனா. "அங்கோட்டுத் திரும்பி இருங்க."

சுகிர்தபாய் ஒரு தென்னையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தங்களைக் குறிக்க ஆரம்பித்தாள்.