மண்ணோடு வைத்த வெங்காயத்தாள்

சிவநாயகி அக்காவின் பெரிய சட்டி எட்டு மாதமாக என் குசினி அடுப்படியில் கிடந்தது. என் மனைவி யூலியா இறந்த வாரம் அதில் சோறு கொண்டுவந்தவர். நோர்வேயில், ரொம்சோஸில், அவர்கள் வீடு எங்களுக்குக் கீழ்மாடி.

சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. சாவீட்டில் சட்டியைக் கேட்க அக்காவுக்குக் கூச்சம். லிஃப்டில் கண்டால் இருவரும் மாடி எண்ணைப் பார்த்தோம். யூலியாவுக்குப் பிறகு என் கதவைத் தட்டிய ஒரே வீடு அது. அதையும் இழந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. "தம்பி, எங்கடை மனுசனுக்கு நாளைக்கு அறுபது. சட்டிக்கு அவசரமில்லை. அஞ்சு மணிக்கு முதல் எண்டால் நல்லது."

மறுநாள் பேக்கரியில் பத்துக் கறுவாப் பணிஸ் வாங்கிச் சட்டியில் அடுக்கினேன். அலுவலகக் கூட்டத்துக்கு வாங்கி வைத்தது மாதிரி இருந்தது. கூடவே ஒரு வரி எழுதி வைக்கலாமென்று யூலியாவின் புத்தகத்தை எடுத்தேன். பழைய சீனக் கவிதைகள், நோர்வேஜிய மொழியில். நிலவு, மலை எல்லாவற்றையும் அவள் தாண்டிப் போயிருந்தாள். பென்சில் கோடுகள் சின்ன விசயங்களுக்குக் கீழேதான்.

ஒரு கவிதையில், நண்பன் பழம் அனுப்பிய கூடையை ஒருவன் திருப்பி அனுப்புகிறான். வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டு வெங்காயத்தாள் பிடுங்கி, மண்ணோடு வைக்கிறான். 'மண்ணோடு' என்பதற்குக் கீழே கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து: "வாங்கினதில்லை எண்டு தெரியட்டும்."

பணிஸை வெளியே எடுத்தேன். இந்த வீட்டில் வாங்காதது என்ன? யன்னலில் அவளுடைய மிளகாய்ச் செடி. எட்டு மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதற்குத் தண்ணீர் ஊற்றியது. மூன்று காய் இருந்தது. காம்போடு பிடுங்கி வைத்தேன்.

கதவைத் திறந்த அக்கா சட்டிக்குள் பார்த்தார். நாற்பது பேருக்குச் சமைக்கும் சட்டி. அடியில் மூன்று மிளகாய்.

"என்ன தம்பி இது?"

"வீட்டிலை காய்ச்சது, அக்கா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இஞ்சேருங்கோ! உங்கடை பிறந்தநாளுக்கு முழு மிளகாய்த் தோட்டமும் வந்திருக்கு!"

உள்ளிருந்து அவர் கணவர் ஜெயரத்தினம் அண்ணை கேட்டார். "உறைக்குமோ?"

"தெரியாது, அண்ணை."

"அப்ப நீர்தான் முதல் கடிக்க வேணும்."

கடித்தேன். இருமினேன். இருவரும் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீரும், ஒரு தட்டு உள்ளிப் பற்களும், கத்தியும் தந்தார்.

"வந்தனீர்தானே, உரியும்."

உரித்தேன். அரை மணித்தியாலம் கழித்து அண்ணை எட்டிப் பார்த்தார். "பாதி உள்ளி தோலோடை போகுது. கத்தி பிடிக்கிற ஆளைப் பார்!"

"அப்ப நீங்களே உரியுங்கோ!" என்றேன், சத்தமாக.

எனக்குக் கோபம் வந்திருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. நன்றாக இருந்தது.