யாட் சாய் சிக்

எப்சம் பகுதியில் லாவ் அம்மாவை அவர் வீட்டிலேயே பராமரிக்கப் போன முதல் வாரமே உஷாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனுசி ஒரு வாய் சாப்பிட்டால்தானே! வயது எண்பத்திரண்டு. மறதி நோயில் தாய்மொழியான சீனத்துக் கன்டனீஸ் தவிர மற்ற மொழியெல்லாம் போய்விட்டது. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

உஷா விடுகிற ஆளா? தன் வீடிருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து வரும் பஸ்ஸிலேயே கைப்பேசியில் கன்டனீஸ் படித்தாள். "நெய் சிக்," நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள். லாவ் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். பத்தாவது பாடத்தில்தான் "யாட் சாய் சிக்" வந்தது. சேர்ந்து சாப்பிடுவோம். சொன்னதுதான் தாமதம், லாவ் அம்மா எழுந்துபோய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து உஷாவுக்கும் கஞ்சி ஊற்றினாள். அட கடவுளே, இவ்வளவுதானா! பக்கத்தில் ஒருத்தி நிற்க, தான் மட்டும் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கத்திலேயே இல்லை.

ஆறு வாரம் சேர்ந்து சாப்பிட்டார்கள். லாவ் அம்மாவுக்கு எடையும் ஏறியது. அப்போதுதான் அவளை வேலைக்கு அனுப்பிய பராமரிப்புக் கம்பெனியிலிருந்து ஸ்ருதி போன் செய்தாள்.

"அக்கா, கிளையன்ட் வீட்டுல சாப்பிடக் கூடாதுன்னு தெரியும்ல? மகன் கேமராவுல பாத்துட்டு கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாரு."

"நான் இருந்து சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா, ஸ்ருதி. என்ர சாப்பாட்டை வீட்டிலயிருந்து கொண்டு வரட்டே?"

"மேசையில உக்காரவே கூடாதாம். இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும். உங்க விசாவும் இந்த வேலையிலதானே இருக்கு?"

உஷா போனை வைத்தாள். நாசமாய்ப் போன ரூல்!

மறுநாள் மத்தியானம் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். லாவ் அம்மா இரண்டாவது கிண்ணத்தை நிரப்பி, நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். "யாட் சாய் சிக்," என்றாள்.

உஷா தலையசைத்து மறுத்தாள். லாவ் அம்மா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள், கெஞ்சுவதுபோல் ஏதோ கேட்டாள். தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாத முகம். பார்க்க மனம் பொறுக்கவில்லை. உஷா கேமராவை ஒருமுறை பார்த்தாள், உட்காரவில்லை.

லாவ் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கஞ்சி ஆறிப்போயிற்று.

உஷா பதிவேட்டில் "மதிய உணவு: மறுத்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.