இருக்கதுல சின்னது

போலீஸ்காரர் பாலித்தீன் உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது ஆருடெயா?" என்று கேட்டார்.

பிணவறை வராந்தாவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த உலகம்மை தலையை உயர்த்தினாள். உறைக்குள் ஒரு மடக்குக் கத்தி விரிந்தபடி கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட வராத அலகு. அதில் ஒரு பொட்டு ரத்தமில்லை.

"அவியளுதுதான் சார்."

"கையில இருந்நு எடுக்கான் நல்லா பாடுபட்டு," என்று, இறுகிய விரல்களைப் பிரிப்பதுபோலக் காட்டிவிட்டு அவர் உள்ளே போனார்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் மகேஷ்குமாருக்குத் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா கேவலா என்று தெரியவில்லை.

"இதையா மைனி அண்ணன் கொண்டு நடந்தான்? எவன் வாங்கிக் குடுத்தான் இத?"

உலகம்மை சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் நெல்லையப்பன், மலையாளத்துக் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையர். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷிபு என்கிற ரவுடி ஒரு பையனை வெட்டியதை எத்தனையோ பேர் பார்த்தார்கள். பார்த்தேன் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னவன் நெல்லையப்பன் ஒருவன்தான். ஜாமீனில் வந்த ஷிபு நேரே ஓட்டலுக்கு வந்து, சாயா குடித்துவிட்டு, அவனையே பார்த்தபடி தன் கழுத்தில் விரலால் மெல்லக் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

சொந்த ஊரான வள்ளியூருக்கே போய்விடலாம் என்று உலகம்மை காலைப் பிடித்தாள்.

"ஓடுனா, பாண்டிக்காரனுக்கு இவ்வளவுதான்னு மலையாளத்தான் சொல்லுவான். நான் போவ மாட்டேன்," என்றான் அவன். வேண்டுமானால் மடியில் ஒரு கத்தி வைத்துக்கொள்கிறேன் என்று சமாதானத்துக்கு வந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். இரும்புச் சாமான் கடையில் அவன் எடுத்தது கொம்புப் பிடி போட்ட கத்தி. விரித்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. கடைக்குள்ளேயே காற்றில் ஒரு குத்து குத்திப் பார்த்தான். முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிட்டவன் மடியில் கொதிக்கிற சாம்பாரை வாளியோடு கவிழ்த்துவிட்டு வந்த அன்று அதே முகம். குழம்பில் உப்பு கூடிய அன்று அவன் வீசிய செம்பு, அவள் காதுக்குப் பின்னால் இரண்டு தையலாகத் தங்கிவிட்டது. அன்றும் அதே முகம்தான். ஷிபு வந்தாலும் வருவான், வராமலும் போவான். கத்தியோ தினமும் ராத்திரி வீட்டில் படுக்கும்.

"இது வேண்டாம். போலீசு பிடிச்சா கேசாவும். இருக்கதுல சின்னது காட்டுங்க அண்ணாச்சி," என்றாள்.

கடைக்காரர் சாவி வளையத்தோடு ஒன்றை எடுத்துப் போட்டார். "சர்பத்துக்கு நாரங்கா முறிக்கான் போதும் சேச்சி, அவ்வளவுதான்."

நெல்லையப்பன் கடை அதிரச் சிரித்தான். "ஏட்டி, இத வச்சு நான் அவனுக்கு நகமா வெட்டி விடணும்?"

"பயங்காட்டத்தான? இது போரும்."

அவள் சொல்லி அவன் கேட்ட நாட்கள் குறைவு. அன்று கேட்டான். கத்தியைச் சட்டைப் பையில் போட்டு மேலே தட்டிப் பார்த்துக்கொண்டான். வெளியே வந்து அவளுக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தான்.

இன்று விடியுமுன், ஓட்டல் திறக்க அவன் நடந்துபோகையில், கிள்ளிப்பாலத்தில் இரண்டு பைக்குகள் வழி மறித்தன. பால்காரர் பார்த்திருக்கிறார். அவன் ஓடவில்லை. அந்தத் துக்கடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு, "வாலே," என்று கூப்பிட்டிருக்கிறான். அவன் கை எட்டுவதற்குள் ஷிபுவின் வாள் எட்டிவிட்டது. முதல் வெட்டு தோளில். அடுத்தது கழுத்தில்.

மத்தியானம் கரமனையில் அவர்கள் வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். தாடை வரைக்கும் வெள்ளைத் துணி. பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. மகேஷ்குமார் தேங்காய் வெட்டுகிற வெட்டுக்கத்தியோடு வந்துகொண்டிருந்தான்.

"அவன் வீடு எனக்குத் தெரியும். அண்ணன எடுக்கதுக்கு முன்ன அவன் தலைய இங்க கொண்டாந்து வைக்கேன்."

ஆண்கள் கத்தினார்கள், கிட்டே யாரும் போகவில்லை. உலகம்மை பெஞ்சின் காலை விட்டு எழுந்து, தெருவுக்கு இறங்கும் வாசல் நடையில் போய் நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"வழி விடுங்க மைனி."

"விட மாட்டேன்."

"அண்ணன் கையில உருப்படியா ஒண்ணு இருந்திருந்தா இப்ப அவன்லா பொணமா கெடப்பான்! எந்த நாயி அத வாங்கிக் குடுத்துதோ..."

"நாந்தான்."

அவன் நின்றான். மாரடித்த கைகளும் நின்றன.

"பெருசத்தான் எடுத்தாவ. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்? ஏன் மைனி?"

அவள் கை காதுக்குப் பின்னால் போயிற்று. செம்பு விழுந்த ராத்திரி, ரத்தம் ஒழுக அவளைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் மகேஷ்குமார்தான். அவன் அவளைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு போயிற்று. "மாறுங்க!" என்று கத்திக்கொண்டே முன்னால் பாய்ந்தான்.

அவள் வலது கையை நீட்டி வெட்டுக்கத்தியின் வாய்ப்பக்கத்தையே பிடித்தாள். அவன் இழுத்தான். இழுத்த பிறகுதான் எதைப் பிடித்திருக்கிறாள் என்று கண்டான். உள்ளங்கை குறுக்கே பிளந்து ரத்தம் முழங்கை வழியாக வடிந்தது. அவள் பிடியை விடவில்லை.

"விடுங்க மைனி... ஐயோ, விடுங்க... நான் போவல."

அவன்தான் முதலில் விட்டான். அப்படியே நடையில் உட்கார்ந்து தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

யாரோ துண்டைக் கிழித்து அவள் கையில் கட்டினார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. ஈரச் சேலையோடு பெஞ்சைச் சுற்றி வந்து அவள் வலது கையால் அரிசியை அள்ளினாள். கட்டுத்துணியையும் மீறி ரத்தம் ஊறியிருந்தது. நெல்லையப்பன் வாய்மேல் கையைத் திருப்பினாள். கொஞ்சம் விழுந்தது. மிச்சம் சிவந்து துணியோடு ஒட்டிக்கொண்டது. உதறினாள், விழவில்லை.

"போரும்மா," என்றார் சடங்கு செய்கிறவர்.

அவள் கையை எடுக்கவில்லை. மகேஷ்குமார் எழுந்து வந்தான். அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக விரல்நுனியால் தள்ளி அண்ணன் வாயில் விழவைத்தான்.