மதியத் தூக்கத்தில் ஒரு பெயர்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே பத்திரமாக மேலே ஏற்றி இறக்கியவர், ஏணியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டுக்கொண்டார். உயிர் பிழைத்தது. என்னைத்தான் மறந்துபோனார். மனைவி என்று சொல்லிக்கொடுத்தோம், தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு ‘வாங்க, போங்க’ மரியாதைதான். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மதியம் சோபாவிலேயே தூங்கிவிடுவார். தோளைத் தொட்டு எழுப்பினால், கண் திறப்பதற்கு முன், அந்த அரைத்தூக்கத்தில் கேட்பார்:

“ஏய் வாயாடி, டீ போட்டியா?”

கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. “இதோ” என்பதற்குள் கண் திறந்துவிடும். “மன்னிச்சுக்கோங்க, அசந்துட்டேன் போல” என்று சட்டையைச் சரிசெய்துகொள்வார். அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்தே காத்துக் கிடப்பேன்.

தெரபிஸ்ட் பெண் வந்து பார்த்தாள்.

“மதியத் தூக்கத்தை நிறுத்திடுங்கக்கா. ராத்திரி நல்லாத் தூங்கினாத்தான் மூளை தேறும். படுக்கிற ரூம்ல பேச்சும் வேண்டாம்.”

“மதியம் கொஞ்ச நேரம் மட்டும் தூங்கட்டுமே?”

“அவருக்காகவா கேக்கறீங்க?”

சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து உள்ளே வைத்தேன்.

மறுநாளிலிருந்து, அவர் கண் சொக்கும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தெருவில் நடக்க வைத்தேன். “கொஞ்சம் படுத்துக்கட்டுமாங்க?” என்று கெஞ்சுவார். “வேணாம்” என்பேன்.

இரவில் தூக்கம் பிடித்தது. தடுமாற்றம் குறைந்தது. ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பழுதான மின்விசிறியைக் கழற்றி அவரே சரிசெய்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவி மனசு கேட்கவில்லை. மதியம் போனால் என்ன, காலையில் சொல்லமாட்டாரா என்று தினமும் கட்டிலோரம் போய் நிற்பேன். தோளைத் தொடுவேன்.

தொட்ட உடனே தெளிவாக விழித்துக்கொள்வார். அரைத்தூக்கம் என்பதே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பெயரும் அதோடு போனது.

இன்று காலையும் அப்படித்தான் விழித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க புண்ணியத்துல நல்லாத் தூங்கறேன். நீங்க எவ்வளவு அமைதியானவங்க! பேசுற சத்தமே கேக்கறதில்ல.”

தலையை ஆட்டிவிட்டு டீ போடப் போனேன்.